மில்லிங் இயந்திரத்தில் காற்றழுத்த டிராபார் பொருத்தும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டின் பின்கட்டில் இருக்கும் என் பட்டறைக்குப் பெரும்பாலும் தோட்டத்து டிராக்டர்களின் புஷ்களும் செம்பனைக் குலை ஏற்றும் வண்டிகளின் உதிரிகளும்தான் வேலைக்கு வரும். ஒரே உருப்படிக்கு ஐந்தாறு முறை வெட்டுக்கருவியை மாற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் கருவியை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்டான டிராபாரை ஸ்பேனரால் தளர்த்தி, சுத்தியலால் தட்டி, கருவியின் நீளத்தை மறுபடி அளப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இந்த வேலையைக் காற்றழுத்தத்திடம் ஒப்படைக்கும் அமைப்பை வீட்டிலேயே செய்துவிடலாம்.

முதலில் உங்கள் ஸ்பிண்டிலின், அதாவது கருவியைச் சுழற்றும் தண்டின், உட்கூம்பு எந்த வகை என்று பாருங்கள். மோர்ஸ் 3 கூம்பின் கோணம் சுமார் 3 பாகைதான் என்பதால், அது இறுகிக்கொண்டால் தட்டாமல் வராது. இந்த முறைக்கு அது ஒத்துவராது. ஆர்8 வகைக் காலட்டின் (தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) கோணம் ஏறத்தாழ 17 பாகை. டிராபாரை 1.5 மில்லிமீட்டர் கீழே தள்ளினாலே காலட்டின் வாய் விட்டத்தில் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். ஆகவே முக்கால் அங்குலக் காலட் ஒன்றை நிரந்தரமாக உள்ளேயே விட்டுவிட்டு, அதே விட்டத்தில் நேரான தண்டு கொண்ட, வெட்டுக்கருவியைத் தாங்கும் பிடிப்பான்களை மட்டும் மாற்றினால் போதும். காலட்டின் முகம் ஸ்பிண்டில் முகத்துக்குச் சற்று உள்ளடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பிடிப்பானின் விளிம்பு ஸ்பிண்டில் முகத்தில் நேராக உட்கார்ந்து, அளந்து வைத்த நீளம் ஒவ்வொரு முறையும் அப்படியே கிடைக்கும்.

கருவியைப் பிடித்திருப்பது வில்லின் (ஸ்பிரிங்கின்) வேலை. விடுவிப்பது மட்டுமே காற்றின் வேலை. கம்பிரசர் நின்றுபோனாலும் கருவி கீழே விழாது. வில்லாகப் பயன்படுவது, டிராபாரின் தலைக்கும் ஸ்பிண்டிலின் மேல்முனைக்கும் இடையே அடுக்கப்படும், கிண்ணம்போல் குவிந்த பெல்வில் வாஷர்கள். ஒரே திசையில் அடுக்கினால் விசை கூடும். எதிரெதிராக அடுக்கினால் அமுங்கும் தூரம் கூடும். நான் முதலில் வாங்கிய விலைமலிந்த வாஷர்கள் சில வாரங்களில் தட்டையாகிப் பிடி தளர்ந்துவிட்டதால், விசை அட்டவணையோடு விற்கப்படுபவற்றையே வாங்குமாறு வற்புறுத்திச் சொல்கிறேன். ஆர்8 டிராபாரின் மரை அங்குலத்துக்கு 20 புரி என்பதால், ஒரு முழுச் சுற்றுக்கு அடுக்கு 1.27 மில்லிமீட்டர் அமுங்கும். இந்தக் கணக்கை வைத்துத் தொடக்க இறுக்கத்தை நிர்ணயிக்கலாம்.

என் இயந்திரத்தில் தொடக்க இறுக்கம் 6 கிலோநியூட்டன். விடுவிக்கும் நிலையில் அது 8 ஆக உயர்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சிலிண்டர் 6 பார் காற்றழுத்தத்தில் 4.7 கிலோநியூட்டன்தான் தரும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 9.1 கிடைக்கும், போதுமென்று தோன்றும். ஆனால் கம்பிரசர் மீண்டும் ஓடத் தொடங்கும் முன் அழுத்தம் 5 பாருக்கு இறங்கினால், அதே சிலிண்டர் 7.6 மட்டுமே தள்ளும். கருவி பாதியில் சிக்கிக்கொள்ளும். எனவே மூன்றடுக்குச் சிலிண்டரே சரி.

பலரும் தவறுவது சிலிண்டரைப் பொருத்தும் இடத்தில்தான். அதை இயந்திரத் தலையில் இறுக்கமாகப் பூட்டிவிட்டால், தள்ளும் விசை முழுவதும் ஸ்பிண்டிலின் பேரிங்குகளில் இறங்கும். நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். ஸ்பிண்டில் முகத்தில் டயல் கேஜை வைத்துப் பொத்தானை அழுத்தியபோது, முள் ஒவ்வொரு முறையும் 0.03 மில்லிமீட்டர் நகர்ந்து திரும்புவதைக் கண்டு அன்றே கழற்றிவிட்டேன். சிலிண்டரை இரண்டு வழிகாட்டிக் கம்பிகளில் மேலும் கீழும் நகரும்படி மிதக்கவிட்டு, அதன் அடித்தட்டில் இரண்டு கொக்கிகளை அமைத்து, ஸ்பிண்டிலின் மேல்முனையில் பொருத்திய வளையத்தின் அடிப்பக்கத்தை அவை பற்றும்படி செய்யுங்கள். காற்று நுழைந்ததும் பிஸ்டன் டிராபாரைக் கீழே தள்ளும். சிலிண்டர் மேலெழும்பிக் கொக்கிகள் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். இரு விசைகளும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓடும்போது கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையிலும், பிஸ்டனுக்கும் டிராபாருக்கும் இடையிலும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். சிலிண்டரின் எடையை மெல்லிய சுருள்வில்கள் தாங்கட்டும்.

வால்வு, மின்சாரம் போனால் தானாகவே பிஸ்டனை மேலிழுக்கும் வகையாக, அதாவது வில்லால் திரும்பும் ஐந்து வழி சோலனாய்டு (மின்காந்த) வால்வாக இருக்கட்டும். ஸ்பிண்டில் சுற்றும்போது பொத்தான் வேலை செய்யக்கூடாது. பிஸ்டன் முழுமையாக மேலேறியதை உணரி உறுதிசெய்யாமல் ஸ்பிண்டிலும் தொடங்கக்கூடாது. இந்த இரண்டு பூட்டுகளும் இல்லாமல் காற்றை இணைக்கவே வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பிரசர் தொட்டியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். வால்வுக்கு முன்னால் நீர் பிரிக்கும் வடிகட்டி கட்டாயம்.

எல்லாம் பொருத்திய பின், பிடிப்பானின் விளிம்பிலிருந்து ஸ்பிண்டில் வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, கண்ணாடி அணிந்து, மென்மையான எஃகில் படிப்படியாக ஆழத்தைக் கூட்டி வெட்டிப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் பிடிப்பான் உள்ளே திரும்பியிருக்கிறது. டிராபாரைக் கால் சுற்று இறுக்கி, கருவி இன்னும் முழுமையாக விடுபடுகிறதா என்று பார்த்த பிறகு மீண்டும் வெட்டுங்கள்.