நாற்பதுக்கு மேல் மறுபடி மலையா? இறங்கும்போது மாட்டிவிடும் தவறுகள்

பெங்களூரில் நாற்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். "நாங்கல்லாம் காலேஜ்லயே வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவங்க சார்" என்பார். ஏறியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அது இருபது வருடத்துக்கும் முந்தைய கால். நடுவில் கார், லிஃப்ட், ஆபீஸ் நாற்காலி. அந்தப் பழைய தைரியத்தில் முதல் மலையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது.

பலர் நேராகச் சாவனதுர்காவுக்குப் போகிறார்கள். 1,226 மீட்டர்தானே, பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் இருக்கிறதே என்று கணக்கு. உயரத்தை விட்டுவிட்டுச் சரிவைப் பாருங்கள். மொட்டைப் பாறை, பிடிக்கக் கம்பி இல்லை, நிழல் குறைவு. வெயிலில் சுடும், மழையில் வழுக்கும். முதல் தடவைக்குத் தும்கூர் சாலைப் பக்கத்துச் சிவகங்கே (நம்மூர் சிவகங்கை இல்லை) தேவலை. படி இருக்கிறது, செங்குத்தான இடங்களில் கம்பி இருக்கிறது, போதும் என்று தோன்றினால் திரும்பிவிடலாம். நந்தி மலைக்குச் சுல்தான்பேட்டைப் படிகளில் ஏறுவதும் நல்ல ஆரம்பம்.

அடுத்தது, மூச்சை நம்புவது. லால்பாக்கில் சில வாரம் வேகமாக நடந்தாலே மூச்சு சீராகிவிடும். உடனே உடம்பு தயார் என்று நினைத்துக்கொள்கிறோம். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை தேறி வர மாதக்கணக்கில் ஆகும். ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். இறங்கும் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும், மலைப்பாதையில் பஸ் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது மாதிரி. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அந்த வலி உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். ஞாயிறு மலைக்குப் போனவர் திங்களைச் சமாளித்துவிடுவார். செவ்வாய்க்கிழமைதான் ஆபீஸ் படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். இது தானாகப் போய்விடும். ஒரு முட்டி மட்டும் வீங்கினாலோ, குத்துவது போல வலித்தாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இதற்குப் பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. அபார்ட்மெண்டில் பலரும் படியேறிப் போய் லிஃப்டில் இறங்குகிறார்கள். மலைக்குத் தயாராகிறவர்கள் அவ்வப்போது இதைத் திருப்பிப் போட வேண்டும். லிஃப்டில் மேலே போய், படியில் மெதுவாக இறங்குங்கள். கீழ்ப்படியில் பாதம் தொப்பென்று விழக்கூடாது. அது தொடும்வரை மேலே இருக்கும் கால் பாரத்தைத் தாங்க வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று மாடி போதும். டிரெட்மில்லில் சரிவு ஏற்றி நடப்பது நல்லதுதான், ஆனால் அது ஏறுவதற்கு மட்டுமே பயிற்சி.

அப்புறம், பரணில் இருக்கும் பழைய ஷூ. "அதிகம் போடவேயில்லை, புதுசு மாதிரி இருக்கு" என்பார்கள். மலையேறும் ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. போட்டாலும் போடாவிட்டாலும், காற்றின் ஈரத்திலேயே அது வருடக்கணக்கில் மக்கிக்கொண்டு வரும். எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவருக்குச் சிவகங்கேயில் பாதி இறக்கத்தில் அடிப்பாகம் முதலை வாய் மாதிரி பிளந்துகொண்டது. பையில் கிடந்த ஆபீஸ் ஐடி கார்டு நாடாவால் கட்டிக்கொண்டு இறங்கினார். கிளம்புவதற்கு முந்தின வாரமே ஷூவை வளைத்து, பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ தூள் கொட்டினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். கால் நகத்தையும் வெட்டிவிடுங்கள். இறக்கம் முழுக்க விரல்கள் ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கும்.

நெஞ்சு விஷயத்தில் வீரம் வேண்டாம். பிபி, சர்க்கரை உள்ளவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மலைக்குப் போகும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மணிக்கணக்கில் ஏறி இறங்கினால் சர்க்கரை சட்டென்று குறையலாம். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே உட்கார்ந்து 108க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். "கேஸ்தான்" என்று சோடா தேடாதீர்கள்.

ஆபீஸ் சின்னப் பையன்களோடு போனால் அவர்கள் வேகத்துக்கு ஓடத் தோன்றும். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ராத்திரி தூங்காமல் போய் ஏறிவிட்டு, திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். பிடதியில் தட்டே இட்லி சாப்பிட்ட கையோடு ஓட்டினால் கண் சொக்கும்.

கடைசியாக, முதல் மலை நன்றாகப் போன குஷியில் அடுத்த வாரமே குமார பர்வதம் என்று வாட்ஸாப் குரூப்பில் போடுவது. 1,712 மீட்டர், நீளமான ஏற்றம், அதைவிடக் கொடுமையான இறக்கம். ஒன்றிரண்டு வார இடைவெளி விட்டு, அதே சிவகங்கேக்கே இன்னும் சில தடவை போய் வாருங்கள். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் படியில் நேராக இறங்க முடிந்தால் குமார பர்வதத்தின் அடிவாரமான குக்கே சுப்ரமண்யாவுக்கு பஸ் டிக்கெட் போடலாம். அங்கே அனுமதிக்கு முன்பதிவு வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.