நாமக்கல்லில் கட்ட முடியாததைப் பார்த்து வாங்குங்கள்: பழைய ராணுவ லாரி தேர்வு

பழைய ராணுவ லாரி வாங்கப் போகிறவர்கள் முதலில் மிரள்வது கேபின் துருவைப் பார்த்துத்தான். கதவின் அடியில் ஓட்டை, மிதிக்கும் தகட்டில் பொத்தல், கண்ணாடிச் சட்டம் இற்றுப்போயிருக்கும். சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறை நடத்துகிறவன் சொல்கிறேன், அதைப் பார்த்துப் பின்வாங்குகிறவர் பல நேரம் நல்ல வண்டியை விட்டுவிடுகிறார். தகடு வேலைக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. வெறும் அடிச்சட்டத்தை, அதாவது சேஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் நாமக்கல்லில் முழு பாடியும் கட்டித் தருவார்கள். திருச்செங்கோட்டில் லாரிமேல் போர்வெல் ரிக்கையே ஏற்றி இந்தியா முழுக்க அனுப்புகிறார்கள். கோவையில் வார்ப்புப் பட்டறையும் லேத்தும் தெருவுக்குத் தெரு உண்டு. கமான் பட்டை உடைந்திருந்தால் சங்ககிரியில் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எது கெட்டிருந்தால் நம் ஊரில் சரிசெய்ய முடியாது? என் கணக்கில் அவை நான்கு. வண்டியின் காகிதம், சேஸ், முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில். இந்த நான்கும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் பணமும் பொறுமையும்தான். ஒன்று சரியில்லை என்றாலும், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அதற்கு முன் எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டும். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சானுக்கு சக்திமான் மேல் ஆசை. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த வண்டி அது. இரும்பு என்றால் அதுதான் இரும்பு. ஆனால் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வாட்டர் பம்ப் போனால் நாமக்கல் ஸ்பேர் கடைகளில் கைவிரிப்பார்கள்; வட இந்தியாவில் ராணுவ உதிரிபாகம் விற்கிறவர்களைத் தேட வேண்டியதுதான். காட்சிக்கு வைக்கச் சக்திமான் சரி, தேங்காய் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மச்சானுக்குக் கோபம்.

ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பும் நிஸ்ஸான் ஒரு டன் வண்டியும் அதே ஜபல்பூர்க் குடும்பம். இரண்டிலும் வந்தது ஏறக்குறைய 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். குடிக்கும். அதனாலேயே வெளியில் வந்த ஜோங்காக்களில் பலவற்றில் யாரோ டீசல் எஞ்சினை மாட்டியிருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கு ஏற்றவை என்று நான் சொல்வது இரண்டு. ஒன்று டாடாவின் எல்.பி.டி.ஏ. 713, இரண்டரை டன் சுமக்கும் நான்கு சக்கர இயக்க வண்டி. அதில் இருப்பது 697 எஞ்சின். அந்த எஞ்சினைக் கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பிரித்து மாட்டும் மெக்கானிக்குகள் சேலத்திலிருந்து கரூர் வரை இருக்கிறார்கள். இன்னொன்று அசோக் லேலண்ட் ஸ்டாலியன். மேட்டுப்பாளையம் சாலையில் வெலிங்டனுக்கு ஏறும் ராணுவ வண்டிகளைப் பார்த்திருந்தால் ஸ்டாலியனையும் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குப் பாகம் கிடைக்கும், ஆனால் ஆள் பெரியவர். ஆறு சக்கர இயக்கம் கொண்ட நீள வண்டியை வாங்கி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏற்றலாம் என்று கனவு கண்டால், வளைவுக்கு வளைவு பின்னால் எடுத்து எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் உரிமமும் செல்லாது. இதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி காகிதம். இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், அதனால் இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ராணுவத்தில் ஓடும்போது அந்த வண்டிக்கு நம்மைப் போல ஆர்.சி. கிடையாது. பலகையில் மேல்நோக்கிய அம்பு, அதையடுத்து இரண்டு இலக்கம், பிறகு எழுத்தும் எண்ணும். அந்த இரண்டு இலக்கம் ராணுவம் வண்டியை எடுத்த ஆண்டைச் சொல்லும். ஏலத்துக்குப் பின் பலகையைக் கழற்றிவிடுவார்கள், ஆனால் பின்கதவிலோ பம்பரிலோ பழைய பெயின்ட் மங்கலாகத் தெரியும். விற்பவர் சொல்லும் ஆண்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏலத்தில் எடுத்த ராணுவ வண்டியை முதன்முறை பதிவு செய்ய, பாதுகாப்புத் துறை அதிகாரி தரும் விற்பனைச் சான்று வேண்டும். படிவம் 21 என்று கேளுங்கள். அதன் மூலப்பிரதி இல்லாமல் நகலை நீட்டி, “அலுவலகத்தில் ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்: பதிவு உயிரோடு இருக்கிறதா, சொந்த உபயோகமா சரக்கா, கடன் நிலுவை இருக்கிறதா. வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு தானாகவே முடிந்துவிடும், அவற்றை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ராணுவப் பணிக்கான கவச வண்டிகள், சிறப்பு வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் ஏல அறிவிப்பைப் படிக்கும்போது, விற்பது வண்டியாகவா கழிவு இரும்பாகவா என்ற ஒரு வரியைத் தேடிப் பிடியுங்கள். கழிவு இரும்பாக விற்றதைச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு செய்ய வழி இல்லை. அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் உங்கள் களத்துமேட்டைத் தாண்டாது.

சேஸ் எண்ணைப் பார்க்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன். ஒரு பழைய துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், மெல்லிய வெள்ளைத் தாள், பென்சில் கொண்டுபோங்கள். சேஸின் பக்கவாட்டில் எண் வெட்டிய இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடையுங்கள். ராணுவ வண்டியில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்திருப்பதால் எண் புதைந்திருக்கும். சுரண்டாமல் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பிறகு தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இதைத்தான் கேட்பார்கள். தேய்த்த தாளை வெயிலில் பிடித்துப் பாருங்கள். எல்லா இலக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு இலக்கம் மட்டும் தூக்கியோ தாழ்ந்தோ இருந்தாலும், எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலும், செவ்வகமாக வெல்டிங் தடம் இருந்தாலும், அந்தத் துண்டு வேறு வண்டியிலிருந்து வந்தது. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளைக் கழித்து ஒரு வண்டி கட்டும் வழக்கம் ஜீப்புகளில் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும், லாரியிலும் உண்டு.

எண் சரி என்றால் சேஸையே பாருங்கள். சிறு சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீர் என்னும், இற்றது மொத்தென்று சத்தம் தரும். இரட்டைத் தகடு வைத்த இடங்களில் நடுவே துரு ஊறித் தகட்டை விரித்திருக்கும். ரிவெட் தலைகளைச் சுற்றிச் செம்பட்டைக் கறை இருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது. முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் கமான் பட்டையின் நடு போல்ட் அறுந்திருக்கலாம், அல்லது சேஸே முறுக்கியிருக்கலாம். முதலாவது சங்ககிரி வேலை. இரண்டாவதை வாங்காதீர்கள்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் இந்த வண்டியின் உயிர். கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அது. சாதாரண லாரியில் அது கிடையாது, அதனால் நம் மெக்கானிக்குகளில் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். விற்பவரிடம், “ஏனுங்க, முன்சக்கரம் இழுக்குதுங்களா?” என்று கேட்டால் இழுக்கும் என்றுதான் சொல்வார். தார்ச் சாலையில் சோதித்தால் எதுவும் தெரியாது. முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு வண்டி முறுக்கும், உள்ளே பல் தேயும், அவ்வளவுதான். உழுத காட்டுக்கோ மணலுக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஊர்ந்து போகும்போது வெளியே நின்று முன் டயரைப் பாருங்கள். இழுக்கும் டயர் மண்ணைக் கடித்துப் பின்னால் தள்ளும், இழுக்காத டயர் மண்ணைச் சும்மா நசுக்கிக்கொண்டு உருளும். பார்த்தவுடன் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிறகு வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, அடியில் படுத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்க்கும்போது பித்தளைத் தூள் மின்னினால் புஷ் தேய்ந்திருக்கிறது. இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயில் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் வியாபாரியிடம் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முன் ஆக்சிலுக்கு ஒரே சோதனை போதும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மெதுவாக வட்டமடிக்கச் சொல்லுங்கள், பிறகு மறுபக்கம். கடக் கடக் என்று சத்தம் வந்தால் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் ஜாயின்ட் போய்விட்டது. அந்த ஜாயின்ட் டாடா சரக்கு லாரியில் கிடையாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். கிரீஸ் கசிந்து சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் அது சீல் வேலை மட்டும், விலையில் பேரம் பேசிக்கொள்ளலாம்.

எஞ்சினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் உண்டு. ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு வரும் புகை, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ராணுவ வண்டி ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் அதிகம். டேங்கின் அடியில் சேறு, ரப்பர் சீல் எல்லாம் கல்லாகியிருக்கும். உயரமான பனிப் பகுதியில் இருந்த வண்டி என்றால் பிளாக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் உறைந்தால் இரும்பையும் பிளக்கும்.

ஏர் பிரேக்கில் அழுத்தம் ஏறியதும் எஞ்சினை நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். முள் கண்ணெதிரே இறங்கினால் எங்கோ கசிகிறது, சரிசெய்யக்கூடியதுதான். இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் பாட்டுப் பெட்டிக்கு வயர் எடுத்திருந்தால் இரண்டு பேட்டரியையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். டயருக்கு வருவோம். டயரின் மேல் உள்ள பட்டன் கட்டைகள் பெரிதாக இருக்கின்றன என்று ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அளவைக் குறித்துக்கொண்டு ஈரோட்டிலோ சேலத்திலோ டயர் கடையில் விலை கேட்டுவிட்டு அப்புறம் பேரத்துக்கு உட்காருங்கள். அந்த விலையைக் கேட்டவுடன் பாதிப் பேருக்கு ஆசை தெளிந்துவிடும்.

ஏலத்தில் நேராக எடுப்பதா, ஏலம் எடுத்தவரிடம் வாங்குவதா என்று கேட்பார்கள். அரசுக் கழிவுகளை இணையத்தில் ஏலம் விடும் எம்.எஸ்.டி.சி. வழியாகத்தான் பெரும்பாலும் இந்த வண்டிகள் வருகின்றன. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதுதான் நிபந்தனை. ஒன்றிரண்டு வண்டி அல்ல, குவியலாகப் போட்டு விற்பார்கள். முன்வைப்புத் தொகை, ஜி.எஸ்.டி., குறித்த நாளுக்குள் வண்டியை எடுக்காவிட்டால் இடவாடகை, அங்கிருந்து டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு என்று அடுக்கடுக்காக ஏறும். ஒரே ஒரு வண்டிக்காக அதில் இறங்குவது வீண். ஏலம் எடுத்து, பதிவும் முடித்து வைத்திருப்பவரிடம் கொஞ்சம் அதிகம் கொடுத்து வாங்குவதே மேல். என் அப்பா இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்துக்கு இரண்டு ஜோடி காங்கேயம் காளை பிடித்திருக்கலாம் என்றார். அவர் கணக்கும் தப்பில்லை.

வாங்கிய பிறகு என்ன செய்யலாம் என்பதையும் முன்பே யோசியுங்கள். எஞ்சினை மாற்றுவது, பின்னால் வீடுபோல் அறை கட்டுவது போன்றவற்றுக்கெல்லாம் முன் அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. கட்டிவிட்டு அனுமதி கேட்டால், கட்டியதைப் பிரித்துவிட்டு வரச் சொல்வார்கள். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது என்பதற்காகச் சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களில் பாதை விட்டு இறங்கிவிடாதீர்கள். வனத்துறை வண்டியையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைசியாக நிறம். எல்லாரும் ஆசைப்படுவது அந்த ஆலிவ் பச்சைக்குத்தான். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. ஆய்வுக்கு நிறுத்தும் முன் பெயின்டைச் சுரண்டி வேறு நிறம் அடித்தாக வேண்டும். மணல் நிறம், அடர் நீலம், எது பிடிக்கிறதோ அடியுங்கள். பட்டறையில் நிற்கும் என்னுடைய 713-க்குச் சாம்பல் நிறம் அடித்திருக்கிறேன், திருச்செங்கோட்டு ரோட்டுப் புழுதி அதில் தெரிவதில்லை.