கடலோரச் செம்மண்ணில் நாட்டு மரம் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரக்காணத்திலிருந்து கடலூர் வரையுள்ள கடலோரச் செம்மண் மேடுகளுக்கு உரிய காடு, உலர் பசுமைமாறாக் காடு எனப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்ந்து, நீண்ட கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் வீரை, காயா, பாலை, கருங்காலி, மகிழம் ஆகியவை இதன் மரங்கள். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போன்ற சில இடங்களில்தான் இது ஓரளவு முழு உருவில் எஞ்சியிருக்கிறது. இக்காட்டைத் தங்கள் நிலத்தில் மீண்டும் வளர்க்க ஆர்வத்தோடு வருகிறவர்கள் அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளுள் பல, இப்பணியின் தொடக்கத்தில் நாங்களும் செய்தவையே. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் அயல்நாட்டு மரங்கள் என்பது இன்று பரவலாகத் தெரிந்திருப்பதால், அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஜேசிபி வைத்து நிலத்தைச் சுத்தம் செய்வது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் நிற்காத தவறு இது. இன்றும் என் மனத்தை ஆற விடாததும் இதுதான். மரக்காணத்துக்கு மேற்கே சில ஏக்கர் வாங்கிய ஒருவர், என்னென்ன கன்றுகள் நடலாம் என்று பார்த்துச் சொல்ல அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, சீமைக்கருவேலத்தை அகற்றுவதற்காக வந்த இயந்திரம் நிலம் முழுவதையும் மழித்துவிட்டிருந்தது. வேலியோரம் குவிந்திருந்த குப்பையைக் கிளறிப் பார்த்தேன். காரை, சூரை, களா, விராலி ஆகியவற்றின் நடுவே வீரையின் அடித்தூர் ஒன்று கிடந்தது. விறகுக்காகப் பலமுறை வெட்டுப்பட்டுத் தொடையளவு பருத்து முண்டும் முடிச்சுமாக இருந்த அந்தத் தூரின் மேல் விரல் பருமனில் ஏழெட்டுத் தளிர்கள் நின்றன; இலைகள் இன்னும் வாடவில்லை. அதே வீரையைத்தான் அவர் பிறகு நாற்றங்காலில் விலைக்கு வாங்கி, அதே நிலத்தில் ஒரு முழ உயரக் கன்றாக நட்டார்.

புதர் என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் வெட்டுப்பட்ட காடே. வீரையும் காயாவும் வெட்ட வெட்டத் தூரிலிருந்து தழைக்கக்கூடியவை. ஆடு மேய்வதையும் விறகு வெட்டுவதையும் நிறுத்திவிட்டால், மண்ணுக்குள் ஏற்கெனவே ஆழ்ந்திருக்கும் வேரின் பலத்தில், புதுக்கன்று எட்ட முடியாத வேகத்தில் அவை எழும்பும். முட்புதர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காரைப் பழத்தையும் சூரைப் பழத்தையும் தின்ன வரும் கொண்டைக்குருவிகள் வேறு மரங்களின் விதைகளையும் எச்சத்தோடு அங்கே போட்டுச் செல்கின்றன. அவ்விதைகள் முள்ளின் காவலிலும் நிழலிலும் முளைத்து, சித்திரை வெயிலைத் தாங்கி நிற்கின்றன. புதரை வழித்தெடுத்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழை நேரடியாக மோதி மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது; செம்மண் மேடுகளில் ஓரிரு மழையிலேயே அரிப்பு ஓடைகள் விழுந்துவிடும். வெறுமையான அம்மண்ணில் முதலில் திரும்பி வருவதும் சீமைக்கருவேலமே, ஏனெனில் அதன் விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கக் கூடியவை.

ஆகவே, சீமைக்கருவேலத்தை ஆட்களைக் கொண்டு ஒவ்வொன்றாகவே எடுக்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும்; ஏறத்தாழ ஓர் அடி ஆழம் தோண்டி, துளிர் விடும் பகுதிக்குக் கீழே வேரை அறுக்க வேண்டும். அதற்கு முன், ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நிலம் முழுவதும் நடந்து, காக்க வேண்டிய ஒவ்வொரு தூரின் அருகிலும் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். செடியின் பெயரும் குணமும் அவர்களுக்குத் தெரிந்த அளவு நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆற்றங்கரை மரத்தை மேட்டில் நடுவது

நீர்மருது நம் மரம்தான். ஆனால் அதன் இடம் ஆற்றங்கரை. தண்ணீர் நிற்காத செம்மண் மேட்டில் நட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டு மரம் என்பது மட்டும் போதாது, அந்த நிலத்துக்கு உரிய மரமாகவும் இருக்க வேண்டும். அருகிலுள்ள கோயில் காட்டில் எது வளர்கிறதோ அதை முதலில் நடுங்கள்.

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நடுவது

வேண்டாம். ஐப்பசியில், மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள்.

விதையைச் சேர்த்து வைத்து விதைப்பது

நாவல், வேம்பு ஆகியவற்றின் விதைகள் காய்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். பழம் பொறுக்கிய ஓரிரு நாளில் சதையைக் கழுவி நீக்கி விதைத்துவிடுங்கள். தபாலில் வரும் பழைய நாவல் விதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பையில் வேர் சுருண்ட கன்றை வாங்குவது

உயரமான கன்றுக்கே எல்லோரும் கை நீட்டுகிறார்கள். சிறிய பையில் நெடுநாள் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு கிடக்கும்; நட்ட பின்னும் அது நேராக இறங்காமல், சில ஆண்டுகள் கழித்துப் பெருங்காற்றில் மரம் சாயக்கூடும். புயல் வழக்கமாக வரும் இக்கடற்கரையில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. முழங்கால் உயரக் கன்று போதும்.

கொடிகளை அறுத்தெறிவது

அறுக்காதீர்கள். மரங்களுக்கு இணையாகக் கொடிகளும் நிறைந்திருப்பதே இக்காட்டின் இயல்பு.