சூப்பர்நோவா கணக்கு: அசையாத விண்மீனில் தொடங்குங்கள்
சூப்பர்நோவாவைக் கணினியில் உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் முதல் நாளே வெடிப்பில் கை வைக்கிறார்கள். வேண்டாம். பெருநிறை விண்மீன் வெடிக்கும் வகையில், அந்த வெடிப்புக்கான ஆற்றல் ஏறக்குறைய முழுவதும், அதன் கரு (நடுப்பகுதி) சுருங்கிப் பிறக்கும் நியூட்ரான் விண்மீனின் ஈர்ப்பிலிருந்து வருகிறது. முதலில் அந்த விண்மீனை அசையா நிலையில் கட்டிப் பாருங்கள். எஸ்.டி.பி.எம். (மலேசியாவின் பல்கலைக்கழக முன்நிலைத் தேர்வு) கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு போட்டவருக்கு ஒரு சாதாரண மடிக்கணினியும் பைத்தானும் போதும்.

ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, சூரியனின் நிறை மூன்றையும் 1 என்று வையுங்கள். அப்போது நீள அலகு 1.4766 கிலோமீட்டர், நேர அலகு 4.925 மைக்ரோவினாடி. கிலோகிராமில் எழுதப் போனால் சுழியங்களை எண்ணுவதிலேயே பிழை நுழையும்.

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலின்படி அசையாத விண்மீனுக்கு டோல்மன், ஓப்பன்ஹைமர், வோல்கோஃப் 1939இல் தந்த சமன்பாடு இது:

அழுத்தம் குறையும் வீதம் = (ஆற்றல் அடர்த்தி + அழுத்தம்) × (நிறை + 4 × பை × ஆரம்³ × அழுத்தம்) ÷ (ஆரம் × (ஆரம் − 2 × நிறை))

நிறை கூடும் வீதம் = 4 × பை × ஆரம்² × ஆற்றல் அடர்த்தி

நியூட்டனின் கணக்கில் அழுத்தம் விண்மீனைத் தாங்க மட்டுமே செய்யும். இங்கே அதற்கும் எடை உண்டு. தாங்குகிற கையே பாரமாகிறது. கருந்துளை பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு, அழுத்தம் = 100 × அடர்த்தி² என்று வையுங்கள். ஆற்றல் அடர்த்தி = அடர்த்தி + அழுத்தம். இந்தக் கூட்டலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைய அடர்த்தி 0.00128, அதாவது ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 7.9×10¹⁴ கிராம். ஆரம் 0இல் தொடங்கினால் சுழியத்தால் வகுக்க நேரும். ஆகவே ஆரம் 0.001இல், அதற்குள் அடங்கும் சிறு கோளத்தின் நிறையோடு தொடங்கி, நான்காம் படி ரங்கே-குட்டா முறையில் (வகைக்கெழுச் சமன்பாட்டைச் சிறிது சிறிதாக நகர்ந்து தீர்க்கும் முறை) 0.001 நீள அலகு நகர்வுகளாக, அதாவது அடிகளாக, வெளியே நகருங்கள்.

மேற்பரப்பு நெருங்கும்போது, ஓர் அடிக்குள் இந்த முறை போடும் இடைக்கணக்கில் அழுத்தம் எதிர்மமாகும். அடர்த்தி காண அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் நிரல் குழம்பிவிடும். அடி முடிந்தபின் சோதித்தால் போதாது. ஒவ்வோர் இடைக்கணக்கிலும் சோதித்து, எதிர்மமானதும் நிறுத்துங்கள்.

நிறை 1.400, ஆரம் 9.59 (சுமார் 14.15 கிலோமீட்டர்) வர வேண்டும். வராதவரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். மைய அடர்த்தியை ஏற்றிக்கொண்டே போனால் நிறை 1.637 வரை கூடி, பிறகு இறங்கும். அந்த உச்சிக்கு அப்பால் விண்மீன் நிலையாக நிற்காது.

இனி அணுத்துகள்களின் நிறையைத் தனியே கூட்டுங்கள்: 4 × பை × ஆரம்² × அடர்த்தி, வகுத்தல் (1 − 2 × நிறை ÷ ஆரம்) இன் வர்க்கமூலம். விடை 1.506. அந்த வர்க்கமூலத்தை விட்டுவிட்டால் விடை 1.400க்கும் கீழே போகும். அப்படியொரு விண்மீன் கட்டுண்டே இருக்க முடியாது. 1.506க்கும் 1.400க்கும் உள்ள வித்தியாசம் 0.106 சூரிய நிறை, அதாவது சுமார் 1.9×10⁴⁶ ஜூல். இந்த அளவு ஆற்றலைத்தான் நியூட்ரினோக்கள் (பொருளோடு அரிதாகவே மோதும் நுண்துகள்கள்) அள்ளிக்கொண்டு போகின்றன. சிதறி ஓடும் பொருளுக்குக் கிடைப்பது இதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு.

1987 பிப்ரவரி 23, மலேசிய நேரம் பிற்பகல் 3.35 அளவில் ஜப்பானின் கமியோகாண்டே கருவி பதிவு செய்த 11 நியூட்ரினோக்கள் இந்தக் கணக்குக்குச் சாட்சி. அவற்றை அனுப்பிய சூப்பர்நோவா வெடித்த பெரிய மெகல்லன் மேகம் (நம் அண்டை விண்மீன் மண்டலம்) பினாங்கிலிருந்து பார்த்தால் தென் அடிவானத்துக்கு மேல் 15 பாகை அளவுக்குத்தான் உயரும். டிசம்பர் இரவில் தெற்கே கடல் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

அசையும் கணக்குக்கு, ஓ'கானரும் ஓட்டும் 2010இல் வெளியிட்ட ஜி.ஆர்.1.டி. என்ற திறந்த நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் கட்டத்தை ஒளி கடக்க 0.33 மைக்ரோவினாடி, நேர அடி அதில் பாதியாக இருக்கட்டும். அரை வினாடிக்கு சுமார் 30 லட்சம் அடிகள் ஆகும். கோலாலம்பூரின் மாலை இடிமழையில் மின்சாரம் போகலாம், பத்தாயிரம் அடிக்கு ஒருமுறை நிலையைச் சேமித்து வையுங்கள்.

கருவிலிருந்து வெளியே கிளம்பும் அதிர்வலை நூறு, இருநூறு கிலோமீட்டரில் நின்றுவிட்டால் நிரலைக் கிளறாதீர்கள். ஆரத் திசை மட்டும் கொண்ட கணக்கில் பெரும்பாலான விண்மீன்கள் வெடிப்பதில்லை. நியூட்ரினோச் சூட்டில் பொருள் கொதித்துப் புரள இரண்டு, மூன்று பரிமாணங்கள் வேண்டும்.