கூட்டுக்குப் பெட்டி வைத்தால் போதுமா?

சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டுகிறவர்கள் பலர் ஓட்டையில்தான் கோட்டை விடுகிறார்கள். 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். அதைவிடப் பெரிதாகப் போட்டால் மைனா புகுந்துவிடும். ஓட்டைக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சி நீட்டி வைப்பார்களே, அது வேண்டவே வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை. முட்டை திருட வரும் பறவைக்குத்தான் நின்று எட்டிப்பார்க்க வசதி.

தகரம், பிளாஸ்டிக் வேண்டாம், வெயிலில் அடுப்பாகிவிடும். மரப்பலகைதான் நல்லது. உள்ளே பெயின்ட் அடிக்காதீர்கள். அடியில் நாலைந்து சிறு துளைகள் போட்டால் உள்ளே வரும் மழைநீர் வடிந்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல், நேர் வெயில் படாத சுவரில், பூனை தாவ முடியாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.

அப்புறம், கூடு கட்ட உதவுவதாக நினைத்து நூல், நைலான் இழை, நீளமான தலைமுடி எல்லாம் போட்டு வைக்காதீர்கள். குஞ்சின் காலில் சுற்றி இறுகிவிடும். காய்ந்த புல்லும் தேங்காய் நாரும் போதும். நாரைக்கூட விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுவது நல்லது.

முட்டையிட்ட பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டு வாரம், அவ்வளவுதான். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்துங்கள். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது பெரும்பாலும் புழு, பூச்சிகளைத்தான்.