ஏற்பி இருக்கிறதா, இயங்குகிறதா? ஈஜிஎஃப்ஆர் சமிக்ஞையை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்பது எப்படி

புற்றுநோய் பற்றிப் படிக்கும்போது "ஈஜிஎஃப்ஆர் அதிகமாக உள்ளது" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிப் புரதம். அந்த வரி ஏற்பியின் அளவை மட்டுமே சொல்கிறது. அந்த ஏற்பி வேலை செய்கிறதா என்பதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, தேடும் புரதத்தை எதிர்ப்பொருளால் பட்டையாகக் காட்டும் முறை.

ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்லுக்கு வெளியே ஏற்பியில் ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்ளே இருக்கும் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) பகுதி விழித்துக்கொண்டு, ஏற்பியின் வால் பகுதியிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். 1068ஆம் டைரோசினில் ஜிஆர்பி2 என்ற புரதம் வந்து ஒட்ட, அங்கிருந்து ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாகச் சமிக்ஞை இறங்கும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எதிர்ப்பொருள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். சில நிறுவனங்கள் இதே டைரோசினை 1092 என்று குறிப்பிடும். முன்னால் வெட்டுப்படும் 24 அமினோ அமிலங்களையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வேறுபாடு அது, இடம் ஒன்றுதான். எல்858ஆர், டி790எம் போன்ற, புற்றுநோயில் காணப்படும் ஈஜிஎஃப்ஆர் மாற்றங்கள் இந்த 24ஐயும் சேர்த்த கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

படி 1: செல்களைப் பட்டினி போடுதல்

பழகுவதற்கு ஏ431 என்ற புற்றுநோய்ச் செல்களே நல்லது. ஒரு செல்லில் பத்து லட்சத்துக்கும் மேல் ஈஜிஎஃப்ஆர் இருப்பதால் பட்டை தெரியாமல் போகாது. ஆறு குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் செல்கள் விதையுங்கள். முக்கால் பங்கு இடம் நிறைந்ததும், சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத மீடியம் (செல் வளர்ப்புக் கரைசல்) 1.8 மில்லிலிட்டர் மாற்றி 16 முதல் 24 மணி நேரம் விடுங்கள். சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் உண்டு. அதை நீக்காவிட்டால் தூண்டுவதற்கு முன்பே பாதை ஓடிக்கொண்டிருக்கும்.

படி 2: தூண்டுதல்

ஆறு குழிகளையும் இப்படிப் பிரியுங்கள்: எதனாலும் தூண்டாதது, வெறும் மீடியம் மட்டும் சேர்த்து 5 நிமிடம், ஈஜிஎஃப் 5 நிமிடம், ஈஜிஎஃப் 30 நிமிடம், ஜெஃபிட்டினிப் (ஈஜிஎஃப்ஆரின் கைனேஸைத் தடுக்கும் மருந்து) மட்டும், ஜெஃபிட்டினிப் கொடுத்தபின் ஈஜிஎஃப் 5 நிமிடம்.

இரண்டாவது குழியைத் தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். மீடியம் சேர்க்கும் அசைவே எர்க்கை எழுப்பிவிடும் என்பதால், அந்தக் குழி இல்லாத எர்க் முடிவை நம்ப முடியாது.

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த 1 மில்லிமோலார் ஜெஃபிட்டினிப்பை உரிய குழிகளில் 2 மைக்ரோலிட்டர் விட்டுத் தட்டை மெதுவாகச் சுழற்றி, ஒரு மணி நேரம் வையுங்கள். மற்றக் குழிகளில் அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓ. அடர்ந்த ஈஜிஎஃப்பை நேரடியாகச் சொட்டினால் ஓரிடத்திலேயே தேங்கும். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரும்படி வெதுவெதுப்பான மீடியத்தில் கலந்து, குழிக்கு 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். குழியில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஆகும். 30 நிமிடக் குழியில் முதலில் தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் முடியும்.

படி 3: நிறுத்துதல், உடைத்தல்

பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். செல்லில் இருக்கும் பாஸ்படேஸ்கள் ஏறிய பாஸ்பேட்டை வேகமாகக் கழற்றிவிடும். நேரம் முடிந்ததும் தட்டு ஐஸுக்குப் போக வேண்டும். மீடியத்தை உறிஞ்சிவிட்டு, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஒரு தடவை அலசி, குழிக்கு 150 மைக்ரோலிட்டர் ரீப்பா (செல்லை உடைக்கும்) கரைசல் விட்டுச் சுரண்டி எடுங்கள்.

ரீப்பாவில் பாஸ்படேஸ்களைத் தடுக்கும் 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட், 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு, புரோட்டியேஸ் தடுப்பான் ஆகியவை அன்றன்றே சேர வேண்டும். வனடேட்டை 200 மில்லிமோலாரில், பிஹெச் 10இல் கரைத்தால் மஞ்சளாக இருக்கும். நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் பிஹெச்சைத் திரும்ப 10க்குக் கொண்டுவாருங்கள். மீண்டும் மஞ்சளானால் மீண்டும் கொதி. மஞ்சள் நிறம் என்றால் வனடேட் கூட்டாகச் சேர்ந்திருக்கிறது, சரியாகத் தடுக்காது. ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும்; ஆகவே ஈடிடிஏ இல்லாத தடுப்பான் மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐஸில் 15 நிமிடம், பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்சி. மேலே தெளிந்த நீரை எடுங்கள். புரத அளவை பிசிஏ முறையில் பாருங்கள். பிராட்ஃபோர்டு முறையை ரீப்பாவின் டிடர்ஜென்ட் குழப்பிவிடும்.

படி 4: பிளாட்

ஜெல்லின் ஒவ்வொரு குழிக்கும் 20 மைக்ரோகிராம் புரதம், 4 முதல் 12 சதவீத ஜெல். ஈஜிஎஃப்ஆர் 175 கிலோடால்டன் அருகே நிற்கும் பெரிய புரதம் என்பதால் ஈர முறையில் குளிரில் மெம்பிரேனுக்கு மாற்றுங்கள். மெம்பிரேனின் வெற்றிடங்களை அடைக்கப் பால் பவுடர் வேண்டாம்: பாலின் கேசீனிலேயே பாஸ்பேட் இருப்பதால் பின்னணி கறுக்கலாம். டிபிஎஸ்டி கரைசலில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரப் புரதம்) போதும். முதல் எதிர்ப்பொருள் 1:1000, 4 டிகிரியில் இரவு முழுவதும்.

பாஸ்போ (பாஸ்பேட் ஏறிய) ஈஜிஎஃப்ஆரும் மொத்த ஈஜிஎஃப்ஆரும் ஒரே உயரத்தில் வரும். ஒரே மெம்பிரேனிலிருந்து எதிர்ப்பொருளை உரித்து மீண்டும் பயன்படுத்தினால் புரதமும் கொஞ்சம் போகும். இரண்டு ஜெல் ஓட்டுவது செலவு, ஆனால் சிக்கல் தீர்ந்தது.

படி 5: படித்தல்

5 நிமிடத்தில் பாஸ்போ பட்டை உச்சம், 30இல் இறக்கம், ஜெஃபிட்டினிப் குழியில் ஏறக்குறைய இல்லை: இதுதான் சரியான முடிவு. ஏ431இல் தூண்டாத குழியிலும் மங்கலான பட்டை வரும். இதே ஏற்பியில் ஒட்டும் டிஜிஎஃப் ஆல்ஃபாவை இச்செல்கள் தாமே சுரக்கின்றன. ஜெஃபிட்டினிப் மட்டும் கொடுத்த குழியில் அது குறைந்தால் விஷயம் தெளிவு. 5 நிமிடமும் 30 நிமிடமும் ஒரே கறுப்பாக இருந்தால் படத்தில் அளவுக்கு மீறி ஒளி பதிந்திருக்கிறது. சில நொடிகளிலேயே படம் எடுத்துப் பாருங்கள்.

இனி நோய்ச் செல்கள். பிசி-9 நுரையீரல் செல்லில் ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் 19ஆம் எக்சானில் (புரதக் குறிப்புள்ள துண்டு) ஒரு பகுதி நீங்கியிருப்பதால் ஈஜிஎஃப் இல்லாமலே பாஸ்போ பட்டை தெரியும். ஜெஃபிட்டினிப் அதை அழிக்கும். எச்1975 நுரையீரல் செல்லில் எல்858ஆருடன் டி790எம்மும் உண்டு. அங்கே 1 மைக்ரோமோலார் ஜெஃபிட்டினிப் தோற்கும். 797ஆம் சிஸ்டீனில் நிரந்தரமாக ஒட்டும் ஓசிமெர்டினிப் என்ற மருந்து பட்டையை இறக்கும். ஏ549 நுரையீரல் செல்லில் மாறியிருப்பது கேராஸ் (ராஸ் புரதங்களில் ஒன்று), ஏற்பிக்குக் கீழே. ஜெஃபிட்டினிப் ஏற்பியின் பாஸ்பேட்டை அடக்கினாலும் எர்க் பட்டை முழுதாகப் போகாது. ஒப்பிட, இன்னொரு குழியில் கேராஸுக்கும் கீழே இருக்கும் மெக்கின் தடுப்பானான டிராமெடினிப்பை 100 நானோமோலார் கொடுத்து, அதே மெம்பிரேனில் எர்க்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.