கர்னலைப் புதுப்பித்த பின் பூட்டிய வட்டு திறக்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவைக்கு அடியுரம் வாங்க ஆட்கள் காத்து நின்ற ஒரு காலையில், மன்னார்குடி உரக்கடை ஒன்றின் கணக்குக் கணினி கடவுச்சொல்லைக் கேட்காமலே நின்றுவிட்டது. முந்தைய இரவு, அதிலிருந்த உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒரு சொல்லும் அதன் அருகே சிமிட்டும் கோடும் மட்டுமே இருந்தன. “தம்பி, அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடுங்களேன்” என்றார் கடைக்காரர்.

செய்யவே கூடாதது அதுதான். லினக்ஸில் வட்டை மறையாக்கம் செய்து பூட்டும் லக்ஸ் முறையில் பூட்டிய வட்டின் திறவுகோல்கள் அதன் தலைப்பகுதியில் இருக்கின்றன. லக்ஸ்2 முறையில் அந்தப் பகுதி வழக்கமாக 16 மெகாபைட். அதன்மேல் வேறெதையும் எழுதிவிட்டால், தலைப்பகுதியின் நகல் வெளியே இல்லாதவரை, சரியான கடவுச்சொல் தெரிந்திருந்தும் கணக்குகள் திரும்ப வாரா.

கடவுச்சொல்லே கேட்கப்படவில்லை என்பது நல்ல துப்பு. வட்டைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் கருவி, கணினி தொடங்கும்போது கர்னலோடு முதலில் ஏறும் சிறு கோப்பான புதிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில் சேரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கேட்டுவிட்டு ஏற்க மறுத்தால், முதலில் விசைப்பலகை அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

தொடக்கத்தில் எந்தக் கர்னலை ஏற்றுவது எனத் தேர உதவும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்ததும் வட்டு திறந்தது. தேவையற்ற மென்பொருள் பொதிகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை, கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ் பொதியையும் சேர்த்து நீக்கியிருந்தது. அதை மீண்டும் நிறுவினோம். பலரும் வழுக்கி விழும் இடம் இதற்கு அடுத்ததுதான்: எல்லாக் கர்னல்களுக்கும் ஒரே கட்டளையில் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மறுபடி உருவாக்கிவிடுகிறார்கள். காரணம் உறுதியாகத் தெரியாத நிலையில் அப்படிச் செய்தால், உள்ளே நுழைய இருக்கும் ஒரே நல்ல கோப்பும் கெட்டுப்போகலாம். ஆகவே புதிய கர்னலுக்கு மட்டும் உருவாக்கினோம். கர்னலும் இந்தக் கோப்புகளும் இருக்கும் பூட் பகுதி நிறைந்திருந்தாலும் இதே கோளாறு வரும். அப்போது கோப்புகளைக் கையால் அழிக்காமல், பயன்பாட்டில் இல்லாத கர்னல்களைப் பொதி மேலாளர் வழியாகவே நீக்க வேண்டும்.

பழைய கர்னலும் திறக்காவிட்டால், வட்டைத் தொடாமல் உபுண்டுவை இயக்கும் லைவ் யுஎஸ்பி வேண்டும். அங்கே வட்டைத் திறக்கும்போது, பூட்டிய வட்டுகளின் பட்டியலான கிரிப்ட்டேப் கோப்பில் உள்ள அதே பெயரைத் தர வேண்டும். வேறு பெயர் கொடுத்தால், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்கும் கட்டளை ஓர் எச்சரிக்கையோடு ஓடி முடிந்துவிடும், ஆனால் திறப்பதற்கான விவரம் கோப்பில் சேராது. தனியாக உள்ள பூட் பகுதியை இணைக்க மறந்தாலும், புதிய கோப்பு கிரப் பார்க்காத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மறுதொடக்கத்திற்கு முன் புதிய கோப்பின் உள்ளடக்கத்தை ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் பட்டியலிட்டோம். கிரிப்ட்செட்டப் என்ற பெயர் அதில் தெரிந்த பிறகுதான் கணினியை அணைத்துப் போட்டோம். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது.